தீ மிதிக்கிற கரையில் ‘தி’க்குப் பயமா?

புத்தளக் கரையின் உடப்பில் பிறந்த பிள்ளைக்குத் தீயைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் தணலில் இறங்குகிறவர்களை அப்பாவின் தோளில் இருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை அது. அந்தப் பிள்ளையிடம் போய், “இங்கிலிஷில் ரெண்டு வசனம் கதை பார்ப்போம்” என்று கேளுங்கள். கண் தரைக்குப் போகும். கால் பெருவிரல் மணலைக் கிண்டும். “வேணாம் சேர், பிழை வந்துரும்” என்று பதில் வரும்.

என்ன பிழை? தோண்டித் தோண்டிக் கேட்டால், கடைசியில் வந்து நிற்பது ‘the’ என்கிற மூன்றே எழுத்துள்ள ஒரு சொல். சில இடத்தில் ‘த’. சில இடத்தில் ‘தி’. போட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டேனா, விட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டேனா என்று மனசு எண்ணிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த விஷயம் கரையேறிப் போய்விடுகிறது. வெறுங்காலில் தணல் மிதிக்கிற ஊரில் ஒரு சின்னச் சொல்லுக்குப் பயம்! எனக்கு இதை நினைத்தால் கோபம் வருகிறது தம்பி. கோபம் உன்மேல் இல்லை. உனக்கு அந்தப் பயத்தை ஊட்டியவர்கள்மேல்தான்.

அந்தப் பயத்தை எனக்கும் ஊட்டினார்கள். இருபத்திரண்டு வயதில் கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வு. கடன் வாங்கிய சப்பாத்து. “உங்கள் அப்பா என்ன செய்கிறார்?” என்று இங்கிலிஷில் கேட்டார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “மை ஃபாதர் கோஸ் டு த சீ” என்றேன். நடுவில் இருந்த மனிதர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “குளிக்கவா?” என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தார்கள். வேலை கிடைக்கவில்லை.

நீர்கொழும்பு தாண்டி, மாரவில தாண்டி, சிலாபம் தாண்டி பஸ் வருகிறது. சன்னலோரம் இருந்த எனக்கு ஒரே கேள்விதான். நான் சொன்னதில் என்ன பிழை? வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். கடலைத் தொழிலாகக் கொண்டு போகிறவன் ‘கோஸ் டு சீ’. கரையில் நின்று பார்க்க, கால் நனைக்கப் போகிறவன் ‘கோஸ் டு த சீ’. அந்த ஒரு ‘த’ என் அப்பாவை வள்ளத்திலிருந்து இறக்கிக் கரையில் துவாயோடு நிறுத்திவிட்டது. முப்பது வருசம் கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் முகத்தில் வாங்கிய மனிதரை!

அன்றைக்கு அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நான் இன்றுவரை கடன்பட்டவன். அதற்குப் பிறகு இந்தச் சொல்லை நான் விடவில்லை. வலையில் சிக்கிய முள்ளை எடுப்பது மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பார்த்ததில் ஒரு உண்மை தெரிந்தது. இந்தக் கரையில் பிறந்தவனுக்கு இந்தச் சொல் புதிதே இல்லை. பெயர் தெரியாமல் இதைத் தினமும் பாவித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம் நாட்டில் இங்கிலிஷுக்குச் சிங்களத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘கடுவ’. வாள் என்று பொருள். பல்கலைக்கழக மாணவர்கள் வைத்த பெயர். பேராதனையில் படிப்பித்த மொழியியலாளர் திரு கந்தையா இந்தப் பெயரையே தலைப்பாக்கி 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவன் கையில் இருக்கும். தெரியாதவன் கழுத்தில் இறங்கும். அதுதான் பெயரின் சூடு. என் கழுத்தில் இறங்கியதும் அந்த வாள்தான். ஆனால் வாளும் இரும்புதானே? மீன் வெட்டுகிற கத்தியை நம் வீட்டுப் பெண்கள் எத்தனை லாவகமாகப் பிடிக்கிறார்கள்! எதையும் பிடிக்கிற இடத்தில் பிடித்தால் அது ஆயுதம் இல்லை, சாமான்.

எந்த இடத்தில் பிடிப்பது? சொல்கிறேன், கேள்.

விடிய ஐந்து மணி. கற்பிட்டிக் கரையில் வள்ளங்கள் வருகின்றன. உன் உம்மா வாசலில் நிற்கிறார். நீ ஓடிவந்து, “வள்ளம் வந்துட்டு” என்கிறாய். எந்த வள்ளம் என்று உம்மா கேட்கிறாரா? கேட்கமாட்டார். வாப்பா போன வள்ளம் என்று உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதுதான் ‘த போட்’. இனி வேறொரு காலை. கடலில் எவனோ தெரியாதவனின் வள்ளம் ஒன்று தத்தளிக்கிறது. நீ ஓடிவந்து, “ஒரு வள்ளம் நிக்குது” என்கிறாய். அது ‘எ போட்’. உம்மாவுக்கு அந்த வள்ளம் புதுச் செய்தி. சொல்லி முடித்த அடுத்த நொடியே அது இரண்டு பேருக்கும் தெரிந்த வள்ளமாகிவிடும். அதற்குப் பிறகு ‘த போட்’தான்.

இலக்கணப் புத்தகம் இதற்குப் பதினைந்து விதி எழுதி வைத்திருக்கிறது. எனக்கு ஒரு கேள்வி போதும்: எதைச் சொல்கிறேன் என்று கேட்கிறவனுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் ‘த’. அவன் தோளில் கை போட்டு, “உனக்குத் தெரிஞ்சதுதானே” என்று சொல்கிற சொல் அது. சூரியன் ஒன்றுதான், நிலா ஒன்றுதான், அதனால் யாரும் எதை என்று கேட்கமாட்டார்கள். ‘த சன்’, ‘த மூன்’. ‘முதலாவது’, ‘ஒரேயொரு’, ‘எல்லாவற்றிலும் பெரிய’ என்று சொன்னாலும் ஆள் ஒன்றாகிவிடுகிறது. அதனால் ‘த ஃபர்ஸ்ட்’, ‘தி ஒன்லி’, ‘த பிகெஸ்ட்’.

“தமிழில் இப்படி ஒரு சொல்லே இல்லையே சேர், பிறகு எப்படி வரும்?” என்று வகுப்பில் கேட்பார்கள். யார் சொன்னது இல்லை என்று? சந்தையில் இருந்து வந்த மனுசனிடம் கேள். “மீன் வாங்கினேன்” என்றால் ஏதோ மீன். “மீனை வாங்கினேன்” என்றால்? காலையில் பேசி வைத்த மீன், நீ சொல்லிவிட்ட மீன், இரண்டு பேருக்கும் தெரிந்த மீன். அந்த ஒற்றை ‘ஐ’ செய்கிற வேலைதான் ‘த’ செய்கிற வேலை. தனிச் சொல்லாக முன்னால் நிற்காமல் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பதால் நமக்குக் கண்ணில் படவில்லை. (ஆட்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்குச் சரிவராது; ஆட்களுக்கு எப்போதும் ‘ஐ’ கேட்கும். அஃறிணையோடு மட்டும் வைத்துக்கொள்.) ‘ஒரு படகு, ஓர் ஆள்’ என்று அடுத்த எழுத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றுகிற பழக்கமும் நமக்கு உண்டு. ‘எ போட், அன் ஐலண்ட்’ என்பதும் அதே பழக்கம்தான்.

அது மட்டுமா! சிலாபம் பஸ் நிலையத்தில் நின்றிருக்கிறாய்தானே? “பஸ் எக ஆவா” என்று ஒருவர் சொன்னால் நாம் காத்திருந்த பஸ் வந்துவிட்டது. “பஸ் எகக் ஆவா” என்றால் ஏதோ ஒரு பஸ் வந்தது. கடைசியில் ஒரு ‘க்’ கூடினால் ‘எ’, அது இல்லாவிட்டால் ‘த’. இந்தக் கரையில் மீன் விற்கிற, கருவாடு கட்டுகிற, ஓட்டோ ஓட்டுகிற எத்தனை பேர் இதைப் பிசகாமல் சொல்கிறார்கள்! பள்ளிக்கூடமே போகாதவர்கள்கூட. அவர்களுக்கு யாராவது வகுப்பு வைத்தார்களா?

முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளே, உங்களுக்கு இன்னும் ஒரு படி மேலே. ஓதப் போகிற பள்ளியில் ஐந்து வயதில் ‘அல்’ படித்தவர்கள் நீங்கள். கமர் நிலா, அல்கமர் அந்த நிலா. ஷம்ஸ் வந்தால் அல்ஷம்ஸ் என்று சொல்லாமல் ‘அஷ்ஷம்ஸ்’ என்று ஓசையை மாற்றச் சொல்லி ஹஸ்ரத் திருத்தியிருப்பார். அதே வேலையைத்தான் இங்கிலிஷ்காரனும் கேட்கிறான், அதையும் அரைவாசி அளவுக்குத்தான். உயிரோசைக்கு முன் ‘தி’, மற்ற இடத்தில் ‘த’. எழுத்தைப் பார்க்காதே, காதைக் கேள். ‘தி ஐலண்ட்’, ‘த லகூன்’. ‘அவர்’ என்று ஒலிக்கிற மணித்தியாலத்துக்கு முன் ‘தி’. ‘யுனிவர்சிட்டி’க்கு முன் ‘த’. இங்கிலிஷ்காரன் ‘அல்ஜீப்ரா’ என்று சொல்லும்போதெல்லாம் அரபியின் ‘த’யைத் தெரியாமலே சேர்த்துச் சொல்கிறான் என்பது தனிக் கதை.

தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, அரபியில் ஒன்று. புத்தளத்துப் பிள்ளையின் வாயில் ஏற்கனவே மூன்று ‘த’ இருக்கிறது. நாலாவதுக்கு நடுங்குகிறாய்!

ஓசைக்கும் பயப்படாதே. ‘அது’ என்று ஒருமுறை மெல்லச் சொல். ‘கதை’ என்று சொல். நடுவில் நாக்குப் பல்லில் பட்டும் படாமலும் வருகிற அந்த மெல்லிய ‘த’தான் இங்கிலிஷின் ‘த’. பிரான்ஸ்காரனும் ஜெர்மன்காரனும் இந்த ஓசை வராமல் ‘ஸ’ என்று திணறுவதைக் கற்பிட்டிக் கடற்கரையில் நானே கேட்டிருக்கிறேன். உனக்கு அது தாய்ப்பாலோடு வந்தது.

இனி முள் இருக்கிற இடங்கள். அவற்றையும் காட்டாமல் கடலில் இறக்கிவிட்டால் நான் உனக்கு எதிரி.

என் அப்பாவின் கடலுக்கு வருவோம். ஒரு இடத்துக்கு அதன் வேலைக்காகப் போனால் ‘த’ வேண்டாம். இடத்துக்கென்றே போனால் ‘த’ வேண்டும். படிக்கிற பிள்ளை ‘கோஸ் டு ஸ்கூல்’. ரிப்போர்ட் வாங்கப் போகிற தாய் ‘கோஸ் டு த ஸ்கூல்’. தலவில சாந்த அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவில் பூசைக்குப் போகிறவர் ‘கோஸ் டு சேர்ச்’, கூரை திருத்தப் போகிற மேசன் ‘கோஸ் டு த சேர்ச்’. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் மட்டும் தொழப் போனாலும் கும்பிடப் போனாலும் பெரும்பாலும் ‘த’ போட்டே எழுதுகிறார்கள். வேலைக்குப் போனால் ‘த’ இல்லை என்கிற சலுகை, அவர்கள் ஊரில் முன்பே இருந்த இடங்களுக்குத்தான் கிடைத்தது. அநியாயம்தான். ஆனால் மொழியோடு சண்டை பிடித்து நேரத்தை வீணாக்காதே.

அடுத்த முள் நம் ஆட்கள் அதிகம் மிதிக்கிறது. ‘த’ போடாவிட்டால் பிழை என்று பயந்து எல்லா இடத்திலும் அள்ளிப் போடுவது. ‘த லைஃப் இஸ் ஹார்ட்’, ‘தி எஜுகேஷன் இஸ் இம்போர்ட்டன்ட்’. மேடையில் ஏறுகிற பிள்ளைகள் இதை முழங்குவார்கள், ஆசிரியர்களும் கைதட்டுவார்கள். பொதுவாகப் பேசும்போது அது வேண்டாம். உப்பை எடு. ‘புது அளம்’ என்பதுதான் புத்தளம் ஆயிற்று என்று சொல்வார்கள். உப்பை நம்மைவிட யார் அறிவார்? உலகத்து உப்பைப் பற்றிப் பேசினால் வெறும் ‘சோல்ட்’. மேசையில் இருக்கிற உப்பைத் தரச் சொன்னால் ‘பாஸ் த சோல்ட்’. டொல்பின்கள் புத்திசாலிகள் என்றால் வெறும் ‘டொல்பின்ஸ்’. இன்று காலை நம் வள்ளத்தைச் சுற்றிய டொல்பின்கள் என்றால் ‘த டொல்பின்ஸ்’.

ஊர்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல். ஸ்ரீலங்காவுக்கு ‘த’ இல்லை. பக்கத்தில் கிடக்கிற மாலைதீவு பல தீவுகளைக் குறிக்கிற பன்மைப் பெயர் என்பதால் ‘த மோல்டிவ்ஸ்’. கற்பிட்டிக் கோட்டையைக் கட்டியவனின் நாடு ‘த நெதர்லண்ட்ஸ்’. ஆனால் அவன் பெயரைச் சுமக்கிற நம் ‘டச் பே’க்கு ‘த’ இல்லை. நடுவில் ‘ஒஃப்’ வந்தால் உடனே ‘த’ ஓடி வரும்: ‘த கல்ஃப் ஒஃப் மன்னார்’. கட்டாரும் குவைத்தும் சவூதியும் ‘த’ இல்லாமல். எமிரேட்ஸ் மட்டும் ‘த யுனைட்டட்’ என்று தொடங்கும். மன்னார் வளைகுடாவில் வலை வீசியவனின் மகன் அரபு வளைகுடாவுக்குப் போகும்போது விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை இவை. பாடமாக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டு, போதும்.

இன்னொரு ‘த’வும் உண்டு. ‘த’ என்றும் சொல்லாமல் ‘தி’ என்றும் சொல்லாமல் ஒருவன் அழுத்தி ‘தீ’ என்று இழுத்தால், “இவர்தான் அந்த ஆள், இவரைவிட்டால் ஆள் இல்லை” என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த ‘த’ இதுதான். உச்சரிப்பிலேயே நெருப்பு இருக்கிறது.

இந்த நெருப்போடு வாழ்ந்த ஒரு மனிதர் நம் கரையில் பிறந்தார் என்று உனக்கு யாராவது சொன்னார்களா? 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. இன்றைக்கு இருக்கிற டியூட்டரியோ கைபேசியோ இல்லாத காலம். அந்தக் காலத்தில், இருபத்தேழு வயது அளவில், 1834இல், இலங்கை முழுவதையும் ஊர் ஊராக, ஆறு ஆறாக எழுதி இங்கிலிஷில் ஒரு புத்தகம் போட்டார். ‘த சிலோன் கசட்டியர்’. நாட்டை ஆண்டது இங்கிலிஷ்காரன். அவன் ஆளுகிற நாட்டை அவன் மொழியிலேயே அவனுக்கு விளக்கியவர் கற்பிட்டித் தமிழர். பிறகு சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. பிறகு சிலாபத்தில் மாவட்ட நீதிபதி. 1859இல் ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையை இங்கிலிஷில் எழுதினார். கிரேக்கத்தில் பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க்கின் பெயரை எடுத்து, யாழ்ப்பாணத்தில் அச்சான அந்தப் புத்தகத்துக்கு வைத்த பெயர் ‘த தமிழ் புளூட்டார்க்’.

அந்த முதல் சொல்லைப் பார். ‘எ தமிழ் புளூட்டார்க்’ என்று அடக்கமாக வைத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். வைக்கவில்லை. ‘த’ என்று வைத்தார். தமிழுக்கு ஒரு புளூட்டார்க் உண்டென்றால் இதுதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற ‘த’ அது. அடுத்த ஆண்டு மறைந்துவிட்டார். கற்பிட்டியில் நீ நடக்கிற மண்ணில் நடந்தவர். கொழும்பில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அன்றைக்கு இந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போது தெரியாது. நம் பிள்ளைகளுக்கு நம் ஆளைச் சொல்லிக்கொடுக்காத பாடத்திட்டத்தை என்ன செய்வது!

வெளியிலும் ஒருவரைச் சொல்கிறேன், கடல்காரர் என்பதால். ஜோசப் கொன்ராட், 1857இல் பிறந்த போலந்துக்காரர். போலந்து மொழியில் ‘த’ கிடையாது, ‘எ’யும் கிடையாது. பதின்ம வயதில் கப்பலேறினார். இருபது வயது தாண்டித்தான் இங்கிலிஷ் கப்பல்களில் மாலுமிகளோடு பழகி அந்த மொழியைப் படித்தார். 1886இல் கப்பல் தலைவனுக்கான சான்றிதழ் எடுத்தார். பிறகு பேனையை எடுத்தார். ‘லார்ட் ஜிம்’ உட்பட அவர் எழுதிய நாவல்களை இன்றைக்கும் இங்கிலிஷ் பட்ட வகுப்புகளில் வைத்துப் படிப்பிக்கிறார்கள். கடைசி மூச்சுவரை அவர் பேச்சில் போலந்து வாடை போகவில்லை. போகாவிட்டால் என்ன? கப்பல் அவர் சொன்ன திசையில்தானே போயிற்று!

இந்தக் கரையின் இன்னொரு கதையையும் நீ மறக்கக் கூடாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்திறங்கினார்கள். உடுத்த உடுப்போடு வந்து, ஓலைக் கொட்டிலில் குடியிருந்து, மர நிழலில் பிள்ளைகளைப் படிப்பித்து, கல் கல்லாக எழும்பியவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என் முன்னால் வாங்கில் இருந்துகொண்டு, ‘த’ பிழைத்துவிடும் என்று வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். உன் மூத்தம்மா எதை எதைத் தாண்டி வந்தார் என்று ஒருநாள் அவர் பக்கத்தில் இருந்து கேள், தங்கச்சி. பிறகு வந்து எனக்குச் சொல், எது கஷ்டம் என்று.

பிழை விடு. வாய் திறந்து, சத்தமாக, நாலு பேர் கேட்க விடு. டொல்பின் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகிற வள்ளக்காரர் ஒருவரைத் தெரியும். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நவம்பர் தொடங்கினால் அவர் வள்ளத்தில் உலகமே ஏறும். ஒருநாள் நானும் ஏறினேன். அலைக்கு மேலே ஒரு முதுகு தெரிந்தது. “எ டொல்பின்! எ டொல்பின்!” என்று கத்தினார். அடுத்த நிமிடம் இருபது, முப்பது. நடுவில் ஒன்று மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் துள்ளியது. “லுக், லுக், த பிக் வன்!” என்றார். நான் மலைத்துப்போய் இருந்தேன். முதலில் ‘எ’, கூட்டத்தில் ஒன்றைக் குறித்ததும் ‘த’. பதினைந்து விதியும் அந்த இரண்டு கத்தலில் இருந்தது. இதை எங்கே படித்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். “படிக்கிறதா? அவங்க சொல்லுவாங்க, நானும் சொல்லுவன்” என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை முறுக்கினார்.

தினமும் பத்து நிமிடம் போதும். கண்ணில் படுகிறதை இங்கிலிஷில் சொல்லிப் பார். முதல்முறை சொல்லும்போது ‘எ’, திரும்பச் சொல்லும்போது ‘த’. எ கெட், த கெட். எ நெட், த நெட். பக்கத்து வீட்டுக்காரர் உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பார். நினைக்கட்டும்.

மே மாதம் வந்தால் காற்றுத் திரும்பும். பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் ஓடுகிற வெளிநாட்டுக்காரர்கள் கற்பிட்டிக்கு வரத் தொடங்குவார்கள். சந்தியில் நீ நிற்கும்போது ஒருத்தன் ஓட்டோவை நிறுத்தி உன்னிடம்தான் கேட்பான்: “இஸ் திஸ் த ரோட் டு த ஃபோர்ட்?” எந்தக் கோட்டை என்று அவன் சொல்லமாட்டான். சொல்லவும் வேண்டாம், நம் ஊரில் கோட்டை ஒன்றுதான். அவனுக்கும் அது தெரியும், உனக்கும் தெரியும். பின்னால் திரும்பி வேறு யாரையும் தேடாதே. பதில் சொல்லு.